இயல் 8: ஒரே கடிகாரத்தில் பல ஒலிபெருக்கிகள்

கம்பியில்லா வீட்டு ஒலியமைப்புகளில் பழுதறியும் முறை

வீட்டின் பல அறைகளில் வைத்த கம்பியில்லா ஒலிபெருக்கிகள் ஒரே பாட்டை ஒரே நேரத்தில் ஒலிக்கும் அமைப்புக்குக் 'குழு' என்று பெயர். ஒரே அறையில் டிவிக்கு முன்னும் பின்னும் வைத்த ஒலிபெருக்கிகள் ஒரு படத்தின் ஒலியைத் தமக்குள் பங்கிட்டுக்கொண்டு கேட்பவரைச் சூழ்ந்து ஒலிப்பது 'சூழொலி' எனப்படும். முன்னதில் எல்லாப் பெட்டிகளும் ஒரே ஒலியைத் தருகின்றன. பின்னதில் ஒவ்வொன்றும் தனக்குரிய பங்கை மட்டும் தருகிறது. ஆயினும், தனித்தனி மின் இணைப்பும் தனித்தனி மின்னணுச் சுற்றும் கொண்ட பெட்டிகள் யாவும் ஒரே கடிகாரத்துக்குக் கட்டுப்பட்டு நடக்க வேண்டும் என்பதே இரண்டுக்கும் அடிப்படை. அந்தக் கட்டுப்பாடு எந்த இடத்தில் தளர்கிறது என்று காண்பதே இங்கே பழுதறிதல் ஆகும். ஒலிக்காமல் நிற்கும் பெட்டிதான் பழுதான பெட்டி என்று முடிவுகட்டி அதைக் கழற்றிக் கடைக்கு எடுத்துச் செல்வது பரவலான தவறு. காரணம் பெரும்பாலும் ரௌட்டரிலோ, டிவியின் அமைப்புப் பட்டியலிலோ, இடையில் நிற்கும் சுவரிலோ இருக்கிறது.

குழு இயங்கும் முறை

பல அமைப்புகளில், குழுவிலுள்ள ஓர் ஒலிபெருக்கி தலைமை ஏற்கிறது. அது பாட்டை இணையத்திலிருந்து பெற்று, சிறு சிறு துண்டுகளாக்கி, 'இன்ன கணத்தில் ஒலிக்க வேண்டும்' என்னும் நேரமுத்திரையை ஒவ்வொரு துண்டிலும் பதித்து மற்றவற்றுக்கு அனுப்புகிறது. பெறுகின்ற பெட்டிகள் அதை வந்தவுடன் ஒலித்துவிடுவதில்லை; தம் கடிகாரத்தைத் தலைமைப் பெட்டியின் கடிகாரத்தோடு அடிக்கடி ஒத்துப் பார்த்துக்கொண்டு, குறித்த கணம் வரும்வரை துண்டுகளைத் தற்காலிக நினைவகத்தில் நிறுத்தி வைக்கின்றன. இந்த நினைவகமே 'பஃபர்' எனப்படுவது.

பாட்டுக்குப் படம் இல்லை என்பதால், தொடங்குமுன் போதிய துண்டுகளைச் சேர்த்து வைத்துக்கொள்ள நேரம் கிடைக்கிறது. வைஃபை ஓர் இமைப்பொழுது தடுமாறினாலும் சேமிப்பிலிருந்து பாட்டு தொடர்கிறது. படத்தின் ஒலிக்கு இந்த வசதி இல்லை. திரையில் உதடு அசையும்போதே பேச்சும் கேட்க வேண்டியிருப்பதால், டிவிக்குக் கீழே வைக்கும் நீள்வடிவ ஒலிபெருக்கியாகிய சவுண்ட்பாரிலிருந்து பின்புற ஒலிபெருக்கிக்குச் செல்லும் ஒலி சில பத்து மில்லி நொடிகளுக்குள் போய்ச் சேர்ந்தாக வேண்டும். மில்லி நொடி என்பது ஒரு நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்கு. ஆகவே, பாட்டு தடையின்றி ஒலித்து, படம் பார்க்கும்போது மட்டும் பின்புறம் விக்கி விக்கி ஒலித்தால், பெட்டி நலமாகவே இருக்கிறது என்றும் இடைப்பட்ட ரேடியோ இணைப்பையே பார்க்க வேண்டும் என்றும் பெரும்பாலும் கொள்ளலாம். இந்த ஒரு வேறுபாட்டை நினைவில் வைத்தாலே வீண் அலைச்சலில் பாதி குறையும்.

குறியைக் கொண்டு இடத்தை அறிதல்

எந்தக் கம்பியையும் பிடுங்குவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை காண வேண்டும். முதலாவது, குறை எல்லாப் பெட்டிகளிலும் ஒரே கணத்தில் தோன்றுகிறதா, ஒன்றில் மட்டும் தோன்றுகிறதா என்பது. எல்லாம் சேர்ந்து நின்றால் இணைய இணைப்பையோ தலைமைப் பெட்டியையோ, ஒன்று மட்டும் நின்றால் அதன் இருப்பிடத்தையும் இணைப்பையும் ஆராய வேண்டும். இரண்டாவது, குறை பாட்டிலா, டிவி ஒலியிலா, இரண்டிலுமா என்பது. டிவி ஒலியில் மட்டும் என்றால் கம்பி, டிவி அமைப்பு, பின்புற ரேடியோ இணைப்பு ஆகிய மூன்றோடு தேடல் நின்றுவிடும். மூன்றாவது, பெட்டியை நகர்த்தினால் குறையும் உடன் வருகிறதா என்பது. ஒரே வகையைச் சேர்ந்த இரண்டு ஒலிபெருக்கிகளை ஒன்றின் இடத்தில் மற்றொன்றாக மாற்றி வைத்து ஒரு நாள் கேட்டுப் பார்த்தால், குறை பெட்டியோடு போனால் பழுது பெட்டியிலும், பழைய இடத்திலேயே நின்றால் பழுது அந்த இடத்திலும் இருப்பது தெரியவரும். செலவில்லாத சோதனைகளில் இதைவிடத் தெளிவானது வேறில்லை.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டுமே செய்ய வேண்டும் என்பது இந்த இயல் முழுவதற்கும் பொதுவான விதி. ரௌட்டரை நகர்த்தி, சேனலை மாற்றி, கம்பியையும் மாற்றிய பிறகு குறை நீங்கினால், எது தீர்த்தது என்று தெரியாமலே போய்விடும். அது மீண்டும் வரும்போது தேடல் முதலிலிருந்து தொடங்கும்.

குழுவில் ஒரு பெட்டி காணாமற்போதல்

கைபேசிச் செயலியின் பட்டியலில் ஓர் ஒலிபெருக்கி தோன்றவில்லை என்றால், இரண்டும் வெவ்வேறு வலைகளில் இருக்கின்றனவா என்பதை முதலில் பார்க்க வேண்டும். செயலி தன் வலையிலுள்ள எல்லாக் கருவிகளையும் நோக்கி 'யார் யார் இருக்கிறீர்கள்' என்று கேட்பது போன்ற ஒரு பொதுச் செய்தியை அனுப்பி, பதில் தருபவற்றைப் பட்டியலிடுகிறது. அந்தச் செய்தி ஒரு வலையின் எல்லையைத் தாண்டி அடுத்த வலைக்குள் செல்வதில்லை. ஃபைபர் இணைப்போடு வரும் மோடமே வைஃபை தருவதை அறியாமல், கூடுதலாக ஒரு ரௌட்டரை வாங்கி அதனோடு இணைத்துவிடும் வீடுகளில் இரண்டு வலைகள் உருவாகிவிடுகின்றன. ஒவ்வொரு கருவிக்கும் வலை வழங்கும் எண்ணாகிய ஐபி முகவரியை ஒப்பிட்டால் இது உடனே வெளிப்படும்: கைபேசியின் முகவரி 192.168.1 என்றும் ஒலிபெருக்கியின் முகவரி 192.168.0 என்றும் தொடங்கினால் இரண்டும் வெவ்வேறு வலைகளில் இருக்கின்றன. கூடுதல் ரௌட்டரை 'ஆக்சஸ் பாயின்ட்' நிலைக்கு மாற்றினால், அது தனி வலை அமைப்பதை விட்டுவிட்டு மோடத்தின் வலையையே நீட்டிக்கும். மோடத்தின் வைஃபையை அணைத்துவிட்டு எல்லாக் கருவிகளையும் ரௌட்டரிலேயே சேர்ப்பதும் பயன் தரும்.

முகவரிகள் ஒத்திருந்தும் பெட்டி தோன்றாவிட்டால், கைபேசி விருந்தினருக்கான 'கெஸ்ட்' வலையில் இருக்கிறதா, அதில் விபிஎன் செயலி ஓடுகிறதா, கருவிகள் ஒன்றையொன்று காணாதபடி தடுக்கும் 'ஐசொலேஷன்' அமைப்பு ரௌட்டரில் இயக்கப்பட்டுள்ளதா என்பவற்றை வரிசையாகப் பார்க்க வேண்டும். ரௌட்டரின் பாதுகாப்பு முறை டபிள்யூபிஏ3 என்று மட்டும் வைக்கப்பட்டிருந்தால் பழைய ஒலிபெருக்கிகளால் இணைய முடியாது. டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டையும் ஏற்கும் கலப்பு முறை அதைத் தீர்க்கும். பல மாதம் மின் இணைப்பின்றிக் கிடந்த பெட்டியின் மென்பொருள் மற்றவற்றினும் பழையதாக இருப்பதால் குழு அதை ஏற்காமல் விடுவதும் உண்டு. சோனோஸ், ஏர்பிளே 2, கூகுள் காஸ்ட் போன்ற ஒவ்வொரு முறைக்கும் தனித்தனி நேர ஒழுங்கு இருப்பதால், ஒரு பொது முறையையாவது அறிந்த பெட்டிகளே ஒரு குழுவில் சேரும் என்பதை வாங்கும்போதே கருத வேண்டும்.

ஒலி விட்டு விட்டு வருதல்

இதற்கு மருந்தாக அதிக வேக இணையத் திட்டத்துக்கு மாறுவது பணத்தை வீணாக்குவதாகும். குறுந்தட்டின் தரத்தில், சுருக்கப்படாத இருதட இசைக்கு நொடிக்கு 1,411 கிலோபிட் போதும். ஐந்து அறைகளுக்குத் தனித்தனியே அனுப்பினாலும் 7 மெகாபிட்டைச் சற்றே தாண்டும். துண்டுகள் இடையறாது, உரிய நேரத்தில் வந்து சேர்வதே இங்கு முக்கியம். அதைக் கெடுப்பவை தூரம், தடுப்பு, நெரிசல் ஆகிய மூன்றும்.

வைஃபையின் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றை சுவர்களை ஓரளவு நன்றாகக் கடக்கும். ஆனால் அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என மூன்றே உள்ளன. அடுக்குமாடிக் குடியிருப்பில் இருபது வீட்டு ரௌட்டர்கள் இந்த மூன்றையும் பங்கிட்டுக்கொள்வதால் மாலை நேரங்களில் நெரிசல் மிகும். மைக்ரோவேவ் அடுப்பும் 2.45 கிகாஹெர்ட்ஸில் இயங்குவதால், அது ஓடும் இரண்டு நிமிடமும் சமையலறை ஒலிபெருக்கி திணறலாம். ரௌட்டரின் தானியங்கித் தேர்வை நிறுத்தி, அண்டை வீடுகளில் குறைவாகப் பயன்படும் ஒரு சேனலை நிலையாகக் குறித்து, அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக வைப்பது நல்லது. 5 கிகாஹெர்ட்ஸ் அலைக்கற்றையில் இடம் அதிகம், ஆனால் கான்கிரீட்டும் தடித்த செங்கற்சுவரும் அதைப் பெரிதும் உறிஞ்சிவிடும். அதன் சேனல்களில் 52 முதல் 144 வரையுள்ளவை ரேடார்களோடு பகிரப்படுபவை. ரேடார் அலையை உணரும் ரௌட்டர் திடீரென்று சேனலை விட்டு விலக நேர்வதால், 36 முதல் 48 வரையுள்ளவற்றில் ஒன்றைத் தேர்ந்தால் காரணமின்றி ஒலி அறுபடுவது குறையும்.

ரௌட்டரைப் பரணிலோ, இரும்பு பீரோவின் பின்னாலோ, டிவியின் பின்பக்கத்திலோ மறைத்து வைப்பதைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் உலோகம் ரேடியோ அலையைக் கடக்க விடாது. சவுண்ட்பாரை ஒட்டியே ரௌட்டரை வைத்தாலும் இரண்டின் அலைகளும் ஒன்றையொன்று மறிக்கக்கூடும். ஒரு மீட்டர் இடைவெளியாவது தேவை. வலுக்குறைந்த மூலை அறைப் பெட்டி தலைமை ஏற்றிருந்தால் அதன் தடுமாற்றம் எல்லா அறைகளிலும் கேட்கும். முதலில் பாட்டைத் தொடங்கிய பெட்டியே தலைமை ஏற்கும் அமைப்புகளில், ரௌட்டருக்கு அருகிலுள்ள பெட்டியில் தொடங்கி மற்றவற்றை அதனோடு சேர்ப்பதே போதுமான தீர்வாகிவிடுகிறது.

எதிரொலி போலக் கேட்டல்

இரண்டு அறைகளில் ஒலிக்கும் பாட்டு சற்று முன்பின்னாகக் கேட்டால் உடனே அதைப் பழுது என்று கொள்ளக் கூடாது. முப்பது பாகை வெப்பத்தில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 349 மீட்டர் செல்கிறது. அதாவது ஒரு மீட்டரைக் கடக்க ஏறத்தாழ 3 மில்லி நொடி ஆகிறது. கூடத்து ஒலிபெருக்கியின் அருகில் நிற்பவருக்கு, பத்து மீட்டர் தள்ளிச் சமையலறையில் இருக்கும் ஒலிபெருக்கியின் ஒலி 29 மில்லி நொடி பிந்தித்தான் வரும். குழு எவ்வளவு துல்லியமாக இயங்கினாலும் இதை மாற்ற முடியாது. ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானிய அறிஞர் 1949-இல் தம் ஆய்வேட்டில் விளக்கியபடி, ஒரு பேச்சொலியும் அதன் எதிரொலியும் முப்பது மில்லி நொடி அளவுக்குள் அடுத்தடுத்து வந்தால் செவி அவற்றை ஒன்றாகவே கொள்கிறது. இடைவெளி ஐம்பதைத் தாண்டும்போது இரண்டாகப் பிரித்து உணரத் தொடங்குகிறது.

ஆகவே சோதனையை இரு பெட்டிகளுக்கும் சம தூரத்தில், நிலைவாசலில் நின்று செய்ய வேண்டும். தாளக் கருவியாகிய மெட்ரோனோமின் ஒலிப்பதிவை இரண்டிலும் ஓடவிட்டுக் கண்ணை மூடிக் கேட்டால், ஒவ்வோர் அடியும் 'டக்' என்று ஒன்றாக விழுந்தால் குழு சரியாக இருக்கிறது. 'டடக்' என்று இரண்டாக உடைந்தால் கடிகாரங்கள் விலகியிருக்கின்றன. உடைகிற குழுவைக் கலைத்து மீண்டும் சேர்த்தால் கடிகாரங்கள் புதிதாக ஒத்துக்கொள்ளும். குழுவிலுள்ள ஒரு பெட்டி ப்ளூடூத் வழியாகவோ கம்பி வழியாகவோ வேறொரு ஒலிபெருக்கிக்கு ஒலியைக் கடத்தினால், அந்தக் கூடுதல் தாமதம் குழுவின் கணக்கில் வராது. ப்ளூடூத்தில் அது 100 மில்லி நொடியைத் தாண்டுவது வழக்கம் என்பதால், செயலியில் தாமதத் திருத்தம் இருந்தால் அதைப் பயன்படுத்த வேண்டும், இல்லையேல் அந்த இணைப்பைக் கைவிட வேண்டும். டிவியின் ஒலியைப் பிற அறைகளுக்கும் அனுப்பும்போது அங்கே சற்றுப் பிந்திக் கேட்பது, முன்னர்ச் சொன்ன பஃபர் வேறுபாட்டின் விளைவே ஆகும்.

டிவி இயங்கியும் பின்புறம் மௌனமாக இருத்தல்

சவுண்ட்பார் ஒலித்து, பின்புற ஒலிபெருக்கிகள் மட்டும் மௌனமாக இருந்தால், முதலில் அவற்றுக்கு அனுப்ப ஒலி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருதடமாக மட்டுமே வரும் நிகழ்ச்சியில் பின்புறத்துக்கென்று தனி ஒலி கிடையாது. சில படங்களில் மூலமொழித் தடம் மட்டும் 5.1 ஆகவும், மொழிமாற்றுத் தடம் இருதடமாகவும் இருக்கும், 5.1 என்பது முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கு ஒன்று என்னும் கணக்கு. எனவே 5.1 என்று உறுதியாகத் தெரிந்த ஒரு தடத்தைக் கொண்டே சோதிக்க வேண்டும்.

அடுத்தது கம்பி. எச்டிஎம்ஐ 1.4 தரத்தோடு 2009-இல் வந்த ஏஆர்சி என்னும் வசதி, டிவியிலிருந்து ஒலியைத் திருப்பிச் சவுண்ட்பாருக்கு அனுப்புகிறது. ஆனால் அது டிவியின் எல்லாத் துளைகளிலும் இருப்பதில்லை, ஏஆர்சி என்று எழுதப்பட்ட ஒன்றில் மட்டுமே இருக்கும். கம்பி அந்தத் துளையில் இருக்கிறதா, கருவிகள் ஒன்றையொன்று இயக்க உதவும் சிஇசி என்னும் வசதி டிவியில் இயக்கப்பட்டுள்ளதா என்று பார்த்தபின், டிவியின் ஒலி வெளியீட்டுப் பட்டியலைத் திறக்க வேண்டும். அங்கே பிசிஎம் என்று இருந்தால், ஏஆர்சி வழியாக இருதடமே செல்லும். அதை 'பிட்ஸ்ட்ரீம்', 'பாஸ்த்ரூ' அல்லது 'ஆட்டோ' என்று மாற்றியதும் பின்புறம் உயிர்பெறுவது அடிக்கடி காணும் தீர்வு. ஒளியிழைக் கம்பி டால்பி டிஜிட்டல் 5.1 வரை தாங்கும், உயர ஒலிகளையும் சேர்க்கும் டால்பி அட்மாஸைத் தாங்காது. இணையப் படத்தளங்கள் தரும் அட்மாஸுக்கு ஏஆர்சியே போதும். ப்ளூ-ரே தட்டிலுள்ள டால்பி ட்ரூஎச்டி தடத்துக்குத்தான் எச்டிஎம்ஐ 2.1 தரத்தோடு 2017-இல் அறிமுகமான ஈஏஆர்சி தேவைப்படுகிறது.

உதட்டசைவும் பேச்சும் விலகுதல்

ஒலி முந்தி வந்தால் 45 மில்லி நொடியிலும், பிந்தி வந்தால் 125 மில்லி நொடியிலும் பார்ப்பவர் அதை உணரத் தொடங்குகிறார் என்று சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் 1998-இல் வெளியிட்ட பரிந்துரை கூறுகிறது. இடியைவிட மின்னல் முந்தித் தெரிவதே இயற்கை ஆதலால், பிந்திய ஒலியைப் பொறுக்கும் செவி முந்திய ஒலியைப் பொறுப்பதில்லை. டிவி படத்தை மெருகேற்றுவதற்கு எடுக்கும் நேரத்தால் ஒலி முந்திவிட்டால், செயலியிலுள்ள ஒலித் தாமத அளவைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் சரிசெய்யலாம். ஒலி பிந்தினால் அந்த அளவு உதவாது, ஏனெனில் அது ஒலியை மேலும் பிந்தச் செய்யுமே தவிர முந்தச் செய்யாது. அப்போது தாமத அளவு பூச்சியத்தில் இருக்கிறதா என்று பார்த்து, டிவி ஒலியைத் தானே உருமாற்றாமல் வந்தபடியே அனுப்பும் 'பாஸ்த்ரூ' முறைக்கு மாற்ற வேண்டும்.

அறையின் பங்கு

பின்புற ஒலிபெருக்கிகள் கேட்பவரின் நேர்பார்வையிலிருந்து 100 முதல் 120 பாகை வரை, அதாவது காதுகளுக்குச் சற்றே பின்தள்ளிய பக்கங்களில், இருக்க வேண்டும் என்பது அதே ஒன்றியத்தின் மற்றொரு பரிந்துரை. சோபா பின்சுவரை ஒட்டி இருக்கும் கூடங்களில் அவற்றைப் பக்கவாட்டில் தாங்கிகள்மேல் வைத்து, ஒவ்வொன்றின் தூரத்தையும் செயலியில் அளந்து குறிக்க வேண்டும். இடமும் வலமும் மாறிப்போயிருப்பது பல மாதம் கவனிக்கப்படாமலே போவதால், சோதனை ஒலியால் அதையும் உறுதிசெய்வது நல்லது.

தாழ்ந்த ஒலியைத் தரும் சப்வூஃபர் ஓடியும் அடியொலி கேட்கவில்லை என்றால் பெரும்பாலும் அறையே காரணம். பதினான்கு அடி, அதாவது 4.27 மீட்டர், நீளமுள்ள கூடத்தில் 41 ஹெர்ட்ஸ் அளவிலான ஒலி இரு சுவர்களுக்கிடையே நிலையலையாக நின்றுவிடுகிறது. அது சுவரோரங்களில் மிகுந்தும் நடுக்கூடத்தில் ஏறக்குறைய அடங்கியும் கேட்கும். நடுவில் அமர்ந்திருப்பவர் இருக்கையை ஒன்றிரண்டு அடி நகர்த்தினாலே வேறுபாட்டை உணர்வார். சப்வூஃபருக்கு இடம் தேட, அதையே இருக்கையில் வைத்து அடியொலி மிகுந்த பாட்டை ஓடவிட்டுச் சுவரோரமாகக் குனிந்து நடந்து, ஒலி சீராகக் கேட்கும் இடத்தில் பெட்டியை வைப்பது எளிய வழி.

மின்வெட்டுக்குப் பின்

மின்சாரம் திரும்பியதும் எல்லாக் கருவிகளும் ஒன்றாக விழித்தெழுகின்றன. ரௌட்டர் முழுமையாக எழுவதற்குள் ஒலிபெருக்கிகள் முகவரி கேட்டுப் பதில் பெறாமல் தனித்து நின்றுவிடுகின்றன. பின்வரும் வரிசை பெரும்பாலான குழப்பங்களைத் தீர்க்கும்.

1. எல்லாவற்றையும் அணைத்து, முதலில் மோடத்தையும் பின்னர் ரௌட்டரையும் இயக்கி, இணையம் வரும்வரை மூன்று நிமிடம் பொறுக்க வேண்டும்.
2. டிவியையும் சவுண்ட்பாரையும் சுவிட்ச் பலகையிலேயே இரண்டு நிமிடம் அணைத்துவைத்து, அதன்பின் டிவியை முதலில் இயக்க வேண்டும். ஏஆர்சி இணைப்பு புதிதாக உருவாகும்.
3. பின்புற ஒலிபெருக்கிகளையும் சப்வூஃபரையும் அதன்பின் இயக்க வேண்டும்.
4. பிற அறைப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இயக்கி, செயலியில் தோன்றியதை உறுதிசெய்த பிறகே அடுத்ததற்குச் செல்ல வேண்டும்.

ஒவ்வொரு பெட்டிக்கும் மாறாத முகவரியை ரௌட்டரில் ஒதுக்கிவைத்து, ரௌட்டரையும் மோடத்தையும் இன்வெர்ட்டரில் இணைத்துவிட்டால் இந்த வேலை குறையும். சதுர அலை இன்வெர்ட்டர் ஓடும்போது மட்டும் சப்வூஃபர் 'ம்ம்' என்று இரைந்தால் அது மின்னலையின் வடிவத்தால் வருவது, பெட்டியின் பழுதன்று. இரைச்சலை நீக்குவதற்காக மூன்று முனைப் பிளக்கின் எர்த் முனையை ஒருபோதும் வெட்டக் கூடாது; அது உயிருக்கு ஆபத்து.

மீட்டமைப்புக்கு முன்

பெட்டியை அணைத்து இயக்குவது வேறு, தொழிற்சாலை நிலைக்கு மீட்டமைப்பது வேறு. பின்னது இணைப்புகள், தூர அளவுகள், அறைக்கேற்ற ஒலித் திருத்தங்கள் அனைத்தையும் அழித்துவிடுவதோடு, பழுதுக்கான தடயத்தையும் சேர்த்து அழிக்கிறது. எனவே அது இறுதி வழியாகவே இருக்க வேண்டும். அதற்கு முன் ஒரு குறிப்பேட்டில், குறை தோன்றிய நாள், நேரம், பெட்டி, அப்போது ஓடியது பாட்டா படமா, மைக்ரோவேவோ இன்வெர்ட்டரோ ஓடிக்கொண்டிருந்ததா, எந்த மாற்றத்துக்குப் பின் என்ன நேர்ந்தது என்பவற்றை ஒரு வாரம் எழுதி வரவேண்டும். தினமும் இரவு எட்டு மணிக்கே சமையலறைப் பெட்டி நிற்கிறது என்று அந்தப் பக்கம் காட்டினால், தேடவேண்டிய இடம் பெட்டிக்குள் இல்லை என்பது அப்போதே தெளிவாகிவிடும். உண்மையிலேயே பெட்டி பழுதானால், பழுதுபார்ப்பவர் கேட்கும் முதல் கேள்விகளுக்கெல்லாம் விடை அந்தப் பக்கத்திலேயே இருக்கும்.